ஸ்பீக்கருக்குப் பொந்து கட்டாதீர்கள்

புது வீட்டுக்குக் குடிபோன ஒரு தம்பி போன மாதம் போன் செய்தார். "அண்ணா, நல்ல ஸ்பீக்கர்தான் வாங்கினேன். ஆனா பாட்டு குடத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரியே இருக்கு. ஆம்ப்ளிஃபையர் மாத்தணுமா?" போய்ப் பார்த்தேன். ஹாலுக்குள் கால் வைத்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. டிவி யூனிட்டில் பொந்து அடித்து ஸ்பீக்கரை அதற்குள் வைத்திருந்தார். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே முட்டாள்தனம். இவர் வீட்டில் பொந்துக்கு மைக்கா ஒட்டி, உள்ளே எல்இடி விளக்கும் போட்டிருந்தார்கள்.

சிவப்பு, கருப்பு வயரை மாற்றிச் செருகுவது, இடது வலது குழம்புவது எல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒரு நாளில் பிடிபட்டுவிடும். பிடிபடாமல் வருஷக்கணக்கில் காசைத் தின்பவை வேறு.

டிவி யூனிட்டுக்குள் ஸ்பீக்கர்

வீட்டு வேலை நடக்கும்போதே ஆசாரி கேட்பார்: "சார், ஸ்பீக்கர் எங்க வருது? அளவு சொல்லுங்க." நாமும் டிவிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொந்து அடிக்கச் சொல்லிவிடுவோம். எலக்ட்ரீஷியன் அதற்கு நேராகச் சுவரை வெட்டி வயரைப் புதைப்பார். கொத்தனார் பூசுவார், பெயின்டும் அடித்தாகிவிடும். ஸ்பீக்கர் இன்னும் கடையில்தான் இருக்கிறது, அது நிற்க வேண்டிய இடம் மட்டும் சிமென்டில் முடிவாகிவிட்டது.

நான் வாங்கியது பின்பக்கம் காற்றுத் துளை உள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். பெயரிலேயே ஷெல்ஃப் இருக்கிறதே, அலமாரியில் வைத்தால் என்ன என்று நினைத்தேன். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி, பழைய சினிமாப் பாட்டின் பேஸ் கிடார், எதுவானாலும் ஒரே 'தும்'. ஆம்ப் மேல் சந்தேகப்பட்டு அதை நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டு வேறு வாங்கினேன். அப்புறம் விரல் தடிமனில் வயர். கடைசியில் ஸ்பீக்கரையே பாதி விலைக்கு விற்றேன். புதிதாக வந்ததும் அதே 'தும்'. இப்படி இரண்டரை வருஷம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த நண்பர் ஒன்றும் பேசாமல் இரண்டையும் பொந்திலிருந்து உருவினார். சமையலறை ஸ்டூல் இரண்டை யூனிட்டுக்கு மூன்றடி முன்னால் போட்டு அதன்மேல் வைத்தார். வயர் எட்டவில்லை, பழைய ஃபேன் வயரை முறுக்கி நீட்டினோம். பாடகர் குரலுக்குப் பின்னால் தம்புரா தனியாக நிற்பதை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன். விற்ற ஸ்பீக்கரை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

காரணம் சாதாரணமானது. தாழ்ந்த ஒலி, அதாவது பேஸ், ஸ்பீக்கரின் முன்பக்கமாக மட்டும் போவதில்லை, நாலா பக்கமும் பரவும். 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 அதிர்வில், ஓர் அலையின் நீளமே ஏறக்குறைய 7 மீட்டர். ஒரு சுவரை ஒட்டி வைத்தால், திரும்பி வரும் பேஸ் நேராக வருவதோடு சேர்ந்து ஒலி அளவை 6 டெசிபல் வரை ஏற்றிவிடும். மூலை என்றால் இன்னும் ஏறும். அமெரிக்காவில் பல வீடுகள் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தவை. அந்தச் சுவர் கொஞ்சம் அதிரும், பேஸில் ஒரு பங்கை வெளியே விடும், ஒரு பங்கைத் தின்னும். நம்முடையது செங்கல், மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். போன பேஸ் அப்படியே திரும்பி வரும்.

இது சுவரின் வேலை. பொந்து தன் பங்குக்கு இன்னும் கெடுக்கும். ஸ்பீக்கரைச் சுற்றி இருக்கும் காலி இடம் குடம் மாதிரி தனக்கென்று ஒரு சுருதியில் முழங்கும். காற்றுத் துளைக்கு மூச்சு முட்டும். பிளைவுட் தட்டு கூடவே அதிரும். உங்களைப் பார்த்து லேசாகத் திருப்பி வைக்கவும் வழி கிடையாது. இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை டிவியின் அகலம் தீர்மானித்துவிடும்.

ஸ்டுடியோக்களில் சுவருக்குள்தானே புதைக்கிறார்கள் என்று ஒருவர் என்னிடம் மல்லுக்கட்டினார். புதைக்கிறார்கள். ஆனால் ஸ்பீக்கரின் முகம் சுவரின் முகத்தோடு துளி இடைவெளி இல்லாமல் சமமாக இருக்கும், கனமாகக் கட்டியிருப்பார்கள், ஏறும் பேஸை மின்சுற்றில் குறைத்தும் விடுவார்கள். எல்இடி விளக்கு போட்ட பொந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வயரைப் புதைத்தே தீர வேண்டுமென்றால் ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மீட்டரை வெளியே சுருட்டி விடச் சொல்லுங்கள். இடத்தை அப்புறம் காது சொல்லும். ஏற்கெனவே பொந்து அடித்தாகிவிட்டதா? ஸ்பீக்கரின் முகம் விளிம்பைத் தாண்டி ஓரங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும்படி முன்னால் இழுங்கள். சுற்றியுள்ள இடைவெளியில் ஃபோம் துண்டுகளை அடையுங்கள். காற்றுத் துளையில் ஒரு ஜோடி சாக்ஸைச் சுருட்டிச் செருகுங்கள். தம்பி வீட்டில் இதைத்தான் செய்தோம். யூனிட்டைப் பிரிக்கிற பேச்சை எடுத்தபோது அவர் மனைவி என்னைப் பார்த்த பார்வையே போதுமானதாக இருந்தது. முக்கால்வாசிக் குடம் போய்விட்டது.

வெளியே இழுத்தபின், எவ்வளவு தூரம்?

மூன்றடி என்பது மந்திரம் ஒன்றும் இல்லை. ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி ஏதோ ஒரு சுருதியில் நேர் ஒலியோடு மோதி அதை அடித்துவிடும், அங்கே ஒரு பள்ளம் விழும். வூஃபரின், அதாவது பேஸ் தரும் பெரிய கூம்பின், முகத்திலிருந்து சுவர் வரை எத்தனை அடியோ, 285-ஐ அதனால் வகுத்தால் அந்தப் பள்ளம் ஏறக்குறைய எத்தனை ஹெர்ட்ஸில் விழும் என்று தெரியும். மூன்றடிக்கு 95. பின்சுவருக்கும் பக்கச்சுவருக்கும் ஒரே தூரம் வைத்தால் இரண்டு பள்ளமும் ஒரே இடத்தில் விழுந்து ஆழமாகிவிடும். பின்னால் மூன்று என்றால் பக்கத்தில் இரண்டேகால் என்று மாற்றி வையுங்கள். நாலு விரல் தள்ளிப் பாருங்கள், கேளுங்கள், மறுபடி தள்ளுங்கள். எனக்கு இதற்கே ஒரு வாரம் ஆனது.

சோபாவைச் சுவரோடு ஒட்டுவது

அறையே ஒரு வாத்தியம். 570-ஐ அறையின் நீளத்தால், அதாவது அடிக்கணக்கால், வகுத்தால் அதன் முதல் முழக்கம், அதாவது அறை தானாக முழங்கும் மிகத் தாழ்ந்த சுருதி, கிடைக்கும். பதினாறடி ஹாலுக்கு ஏறக்குறைய 36 ஹெர்ட்ஸ். எல்லா முழக்கமும் சுவரோரம்தான் உச்சத்தில் இருக்கும், நாம் சோபாவைச் சரியாக அங்கேதான் போடுகிறோம். சுவரை விட்டு இரண்டு மூன்றடியாவது முன்னால் இழுங்கள். நட்டநடுவிலும் உட்கார வேண்டாம், முதல் முழக்கம் அங்கே செத்துவிடும், பாட்டு சோகையாகக் கேட்கும்.

பத்துக்குப் பத்து அறை, மேலே பத்தடி உயரத்தில் தளம் என்றால் என் அனுதாபங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே 57 ஹெர்ட்ஸில் போய்க் குவியும். அந்த அறையில் பெரிய டவர் ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

ஸ்பீக்கரைப் படுக்க வைப்பது

வேண்டாம்.

உயரம்

உச்ச ஒலி தரும் சின்ன ட்வீட்டர் காதுக்கு நேராக. பாயில் உட்கார்ந்து கேட்பவர் பாயில் உட்கார்ந்தே அளக்கவும்.

முட்டை அட்டை

எதிரொலி அடங்கும் என்று சிலர் சுவரில் ஒட்டுவார்கள். அது முட்டை வைக்க.

மொட்டை டைல்ஸ் ஹாலில் குரல் கூசுகிறது என்றால் ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு கனமான ஜமுக்காளம் விரியுங்கள். பக்கச்சுவருக்கு ஒரு பழைய வித்தை உண்டு. நீங்கள் உட்கார்ந்திருங்கள், வேறொருவர் கண்ணாடியைச் சுவரோடு வைத்து நகர்த்தட்டும். கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிற இடத்தில் தடிமனான திரை தொங்க வேண்டும், அல்லது புத்தகம் அடைத்த அலமாரி நிற்க வேண்டும்.

அடையாளம் வைக்காமல் விடுவது

இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் ஏறக்குறைய சம பக்க முக்கோணமாக அமைந்து, குரல் நட்டநடுவில் வந்து நின்றுவிட்டதா? உடனே ஒவ்வொரு ஸ்பீக்கரின் நாலு மூலைக்கும் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். வீடு துடைக்கும்போது ஸ்பீக்கர் நகரும், குரல் ஒரு பக்கம் சாயும், காரணம் தெரியாமல் மறுபடி ஆம்ப் மேல் சந்தேகம் வரும். எங்கள் வீட்டில் டேப் ஒட்டிய பிறகும் வலது ஸ்பீக்கர் வாரத்துக்கு ஒருமுறை நாலு விரல் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அந்த மூலையில அழுக்கு சேர்றது உனக்கு எங்கடா தெரியப்போகுது" என்றார். இப்போது ஹாலை மட்டும் நானே துடைக்கிறேன்.