ரூட்டர் திணறியது, சுவிட்ச் சுமந்தது

ஆடி அமாவாசைக்கு முந்தின இரவு. ராமேஸ்வரத்தில் நான் நெட்வொர்க் பார்க்கும் லாட்ஜில் எல்லா அறையும் நிரம்பி, வைஃபை கிட்டத்தட்ட நின்றுவிட்டது. "தம்பி, பெரிய ரூட்டரா வாங்கிடுவோமா?" என்றார் மேனேஜர் அண்ணன்.

முதலில் கேபிளைத்தான் சந்தேகப்பட்டேன். உப்புக்காற்றில் ஒரு முனை பச்சை பூத்திருந்தது. வெட்டி, புது முனை அடித்தேன். பலனில்லை.

ரூட்டரில் சிபியு 100 சதவீதம். இணைய லைனிலோ பாதிகூட ஓடவில்லை. காரணம் கேமராக்கள். அவை ஒரு விலானில் (ஒரே கேபிளமைப்புக்குள் பிரித்த தனி நெட்வொர்க்), பதிவுக் கருவி இன்னொன்றில். எங்கள் அமைப்பில் ஒரு விலானிலிருந்து இன்னொன்றுக்குப் போக ரூட்டர்தான் வழி. 32 கேமரா, ஒவ்வொன்றும் 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 4 மெகாபிட்): 128 எம்பிபிஎஸ் படம் ஒரே கேபிளில் ரூட்டருக்கு ஏறி, அதிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. சின்ன ரூட்டர் ஒவ்வொரு பாக்கெட்டையும் (தரவுத் துண்டு) மென்பொருளில் ஆராய்ந்து அனுப்பும். சுவிட்ச் என்பது நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் பெட்டி. விலான்களுக்கிடையே தானே அனுப்பத் தெரிந்த லேயர் 3 சுவிட்சில் அதற்கென்றே சிப் உண்டு. எங்கள் சுவிட்சிலும் அந்த வசதி சும்மாவே கிடந்தது!

விலான்களின் கேட்வே முகவரிகளை, அதாவது வெளியே போகும் வாசல்களை, சுவிட்சுக்கு மாற்றினேன். உடனே இணையம் அறுந்தது. விலான்களுக்குத் திரும்பும் வழி ரூட்டருக்குத் தெரியவில்லை. அதை ரூட்டரில் ஸ்டாட்டிக் ரூட்டாக (கையால் எழுதும் வழி) போட்டதும் வந்தது. விருந்தினர் வைஃபையிலிருந்து கேமராவை எட்டாதபடி சுவிட்சிலேயே தடை விதி எழுதினேன். இதை விட்டுவிடவே கூடாது. அப்புறம் ரூட்டருக்கு நாட் (உள் முகவரிகளை இணைய முகவரியாக மாற்றுவது), ஃபயர்வால் (வெளியிலிருந்து வருவதை வடிகட்டுவது) வேலை மட்டும். சிபியு 20 சதவீதத்துக்கு இறங்கியபோது மணி மூன்று. அக்னி தீர்த்தத்துக்கு ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.