இறந்தவர் பெயரில் நிற்கும் வீடு: வாரிசு சொத்தைத் தேடி வாங்கும் முறை

சென்னையில் உரிமையாளர் இறந்து பத்து, பதினைந்து வருடம் ஆகியும் பட்டாவும் வீட்டு வரியும் அவர் பெயரிலேயே கிடக்கும் வீடுகள் ஏராளம். பிள்ளைகளில் ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் கோவையில், இன்னொருவர் அதே வீட்டு மாடியில். மூவருக்கும் பணம் வேண்டும், ஆனால் மூவரும் ஒரே நாளில் சார்பதிவாளர் முன் நிற்க முடியவில்லை. இந்த வீடுகள் சந்தை விலைக்குக் கீழே கைமாறுவது இதனால்தான், கட்டடம் பழசு என்பதால் அல்ல. முதலீட்டாளருக்கு இதில் கிடைக்கும் லாபம் கையெழுத்துகளைத் திரட்டி முடிப்பதற்கான கூலி. எத்தனை கையெழுத்து வேண்டும் என்று எண்ணிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்தால் கூலியும் இல்லை, முதலும் மாட்டிக்கொள்ளும்.

எங்கே தேடுவது

பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பற்றி அந்தத் தெரு இஸ்திரிக்காரருக்குத் தெரிந்த அளவு எந்த இணையதளத்துக்கும் தெரியாது. அடுக்குமாடி என்றால் சங்கச் செயலாளரைக் கேளுங்கள். எந்த ஃபிளாட் இரண்டு வருடமாகப் பராமரிப்புப் பணம் கட்டவில்லை என்பது அவர் விரல் நுனியில் இருக்கும். நாளிதழ்களில் வரும் பொது அறிவிப்புகளையும் விடாமல் படிக்க வேண்டும். அசல் பத்திரம் தொலைந்தது, இன்னாரின் உயிலுக்குப் புரொபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) கேட்டு மனு போட்டிருக்கிறோம், ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கவும் என்று வரும் சின்னக் கட்டங்களில் பாதி வாரிசு சொத்து பற்றியவைதான்.

புரோக்கர்களிடம் சொல்லும் விதமும் முக்கியம். "பேப்பர் கொஞ்சம் சிக்கல் சார்" என்று அவர்கள் ஒதுக்கி வைத்ததைக் கேட்டு வாங்குங்கள். உயர் நீதிமன்றத்தில் உயில் வழக்கு நடத்தும் வக்கீல்களும், பாகப்பிரிவினை வழக்கு நடத்தும் வக்கீல்களும் நல்ல வழி. துண்டு போட முடியாத வீட்டை ஏலம் விட்டுப் பணத்தைப் பிரித்துக்கொள்ள 1893ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டம் இடம் தருகிறது. நீதிமன்ற ஏலத்தில் விலை பெரிதாகக் குறையாது, ஆனால் வழக்கில் சேர்க்கப்பட்ட பங்குதாரர்கள் பின்னால் வந்து தகராறு செய்ய முடியாது.

ஒரு நாகரிகம்: ஈமக்காரியம் முடிவதற்குள் போய் விலை பேசாதீர்கள். ஒரு வாரிசிடம் மட்டும் பேசி முடிக்கவும் கூடாது. மற்றவர்களுக்குத் தெரியாமல் ரகசியமாக விலை பேசும் அண்ணன், பிற்பாடு அவர்களிடம் கையெழுத்து வாங்கித் தர முடியாத அண்ணனாகத்தான் இருப்பார்.

வாரிசுகளை எண்ணுவது

தாசில்தார் தரும் வாரிசுச் சான்றை வைத்து நிம்மதி அடைபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அது உரிமைப் பத்திரம் அல்ல. விண்ணப்பித்தவர் சொன்னதையும் விசாரணையில் தெரிந்ததையும் வைத்துத் தரும் பட்டியல் மட்டுமே. நீங்களாக ஒரு வம்சாவளி போடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இறந்த தேதி இருக்க வேண்டும்.

தேதி ஏன்? ஒரு கணக்கைப் பாருங்கள். 80 லட்ச ரூபாய் வீட்டின் உரிமையாளர் 2009இல் உயில் எழுதாமல் இறக்கிறார். இந்து, சொத்து அவரே சம்பாதித்தது. மனைவி, ஒரு மகன், ஒரு மகள், அவருடைய தாய் ஆகிய நால்வருக்கும் தலைக்கு 1/4. தாய் 2015இல் இறக்கிறார். இப்போது வாரிசுச் சான்று வாங்கப் போனால், அம்மா உயிரோடு இல்லையே என்று அவர் பெயரை விட்டுவிட்டு மூன்று பேரைக் காட்டுவார்கள். ஆனால் தாயின் 1/4 அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் போகிறது. உரிமையாளருக்கு ஒரு தம்பியும் இரண்டு தங்கைகளும் இருந்தால், அந்த மூவருக்கும் தலைக்கு 1/16. மீதி 1/16 இறந்த உரிமையாளரின் பிள்ளைகளுக்கு. ஆக வீட்டில் 3/16, அதாவது 15 லட்சம் மதிப்புள்ள பங்கு, பேச்சுவார்த்தையில் பெயரே அடிபடாத சித்தப்பாவிடமும் அத்தைகளிடமும் இருக்கிறது. அவர்கள் கேட்காமலும் இருக்கலாம். வாங்கி இடித்துக் கட்ட ஆரம்பித்த பிறகு கேட்கவும் செய்யலாம்.

விட்டுப்போகும் மற்றவர்கள்: முன்பே இறந்துபோன மகன் அல்லது மகளின் பிள்ளைகள், காதல் திருமணம் செய்ததால் "எங்களுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை" என்று சொல்லப்படும் மகள், இரண்டாவது குடும்பத்தின் பிள்ளைகள். முதல் மனைவி இருக்கும்போது கட்டிய இரண்டாவது மனைவிக்குப் பங்கு இல்லை, ஆனால் அவருக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு அப்பா சொத்தில் உண்டு. தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைக்குப் பிறந்த வீட்டில் பங்கு கிடையாது. வாரிசு ஒருவர் பல வருடமாகக் காணவில்லை என்றால் 7 வருடம் கழிந்தது மட்டும் போதாது, சிவில் நீதிமன்றத்தின் தீர்ப்பு வேண்டும். பூர்வீகச் சொத்து என்றால் மகள்களின் உரிமை தனிக் கணக்கு; இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தைத் தெரிந்த வக்கீலிடம் விட்டுவிடுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பத்தில் மனைவிக்கு 1/3, பிள்ளைகளுக்கு 2/3. பிள்ளைகள் இருந்தால் தாய்க்குப் பங்கு வராது. முஸ்லிம் குடும்பத்தில் ஷரியத் பங்கு முறை. இந்துப் பெண் பெயரில் சொத்து இருந்தால் கணவரும் பிள்ளைகளும். பிள்ளை இல்லாதவர் என்றால், பெற்றோர் வழி வந்த சொத்து அவருடைய தகப்பன் வீட்டு வாரிசுகளுக்குத் திரும்பும், மற்றது கணவருக்கு, அவரும் இல்லாவிட்டால் கணவரின் வாரிசுகளுக்குப் போகும்.

மைனர் வாரிசு இருந்தால் அம்மாவின் கையெழுத்து மட்டும் செல்லாது. நீதிமன்ற அனுமதி வாங்காமல் விற்றால், அந்தப் பிள்ளை 18 வயதான பின் 3 வருடத்துக்குள் விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். ஐந்து வயதுக் குழந்தையின் பங்கு என்றால் 16 வருடம் கத்தி தொங்கும்.

உயில் இருக்கிறது என்றால்

வில்லங்கச் சான்றில் (ஈ.சி.) உயில் வராது. பதிவான உயில் பதிவு அலுவலகத்தின் 3ஆம் புத்தகத்தில் ஏறுகிறது. வில்லங்கச் சான்று 1ஆம் புத்தகத்திலிருந்து எடுப்பது. "ஈ.சி. சுத்தமாக இருக்கிறது" என்பதை வைத்து உயில் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. எழுதியவர் இறந்த பிறகு, இறப்புச் சான்றை வைத்து யார் வேண்டுமானாலும் உயிலின் நகல் கேட்டு மனுப் போடலாம். அவர் வாழ்ந்த பகுதி, சொத்து இருக்கும் பகுதி இரண்டின் பதிவு அலுவலகத்திலும் தேடச் சொல்லுங்கள். வெள்ளைத்தாளில் எழுதிய, பதியாத உயிலும் செல்லும் என்பதால் தேடலோடு நிற்காமல் எல்லா வாரிசுகளிடமும் எழுதி வாங்குங்கள்.

சென்னை நகரச் சொத்து பற்றிய இந்துக்களின் உயிலுக்குப் புரொபேட் கட்டாயமாக இருந்தது. அந்தக் கட்டாயத்தை விதித்த இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. விற்பவர்கள் இதைக் காட்டி "புரொபேட்டே தேவையில்லை" என்பார்கள். சட்டப்படி சரி, வாங்குபவருக்குப் போதாது. புரொபேட் கிடைத்த உயில் உலகத்துக்கே செல்லுபடியாகும் தீர்ப்பு. புரொபேட் இல்லாத உயிலை நாளை எந்த வாரிசும் வழக்குப் போட்டுக் கேள்வி கேட்கலாம், அப்போது சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் உயிரோடு இருக்கும் ஒருவரையாவது கொண்டுவந்து நிறுத்த வேண்டி வரும். ஒரு பிள்ளைக்கே எல்லாம், மற்றவர்களுக்கு ஏன் இல்லை என்ற காரணமும் இல்லை, எழுதும்போது கூடவே இருந்தவரும் அந்தப் பிள்ளை என்றால் புரொபேட் இல்லாமல் தொடாதீர்கள். இல்லாவிட்டால் விடுபட்ட வாரிசுகளையும் கிரயப் பத்திரத்தில் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்துப் போட வையுங்கள். இரண்டாவது வழி பெரும்பாலும் மலிவு.

புரொபேட் கையில் இருந்தாலும் மனுவின் நகலை வாங்கிப் பாருங்கள். எல்லா வாரிசுகளுக்கும் நோட்டீஸ் போனதா, சம்மத மனு உண்டா? யாரையாவது மறைத்து வாங்கியிருந்தால் அது ரத்தாகக்கூடும். விற்பவர் யார் என்பதும் முக்கியம். உயிலில் நியமிக்கப்பட்ட நிறைவேற்றுநர், உயில் தடுக்காத வரை, தானே விற்கலாம். நீதிமன்றம் நியமித்த நிர்வாகி என்றால் நிலம், வீட்டை விற்க நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும்.

விலை

நல்ல பத்திரத்தோடு 80 லட்சம் போகும் வீட்டை 64 லட்சத்துக்குப் பேசினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதம் தள்ளுபடி, கேட்க நன்றாக இருக்கிறது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 5.76 லட்சம். புரோக்கருக்கு 1 சதவீதம்: 64 ஆயிரம். பாக்கி வரி, குடிநீர் வரி, மராமத்து என்று 3 லட்சம். மொத்தம் 73.40. ஒரு வருடம் விற்காமல் கிடந்தால் 8 சதவீத வட்டிக்கே ஏறக்குறைய 5.87 லட்சம் போய்விடும். கையில் நிற்பது 73 ஆயிரம். 24 மாதத்துக்குள் விற்றால் லாபத்துக்கான வரியும் உங்கள் வருமான வரம்புப்படி.

அதனால் தாமதம் எதுவானாலும் பதிவுக்கு முன்னால் நடக்கட்டும். அப்போது முடங்குவது அட்வான்ஸ் மட்டும். பதிவுக்குப் பின் முடங்குவது முழுப் பணம்.

ரொம்பக் குறைத்துப் பேசுவதிலும் ஒரு பொறி உண்டு. அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு 72 லட்சம், நீங்கள் கொடுப்பது 64 லட்சம் என்றால் வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டுகிறது. அந்த 8 லட்சமும் உங்கள் வருமானமாகக் கணக்கிடப்படும். முத்திரைத் தீர்வையும் 72க்குத்தான்.

ஒரே ஒரு பங்கை மட்டும் மலிவாக வாங்கிப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாளுக்கு உள்ளே குடியிருக்கும் உரிமை சட்டத்தில் இல்லை. பாகப்பிரிவினை கேட்டால், அந்தப் பங்கை நீதிமன்ற மதிப்பில் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ளலாம். வழக்கு நடத்துவதே தொழிலாக இருப்பவர்களுக்குத்தான் அது ஒத்துவரும்.

ஒப்பந்தமும் பதிவும்

அட்வான்ஸ் 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமாக இருக்கட்டும், அதைப் பதிவும் செய்யுங்கள். கெடுவை நாளாக வைக்காமல் காகிதத்தோடு கட்டுங்கள்: கடைசி வாரிசின் பவர் (தன் சார்பில் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) வந்து 30 நாளில், அல்லது மைனருக்கு அனுமதி ஆணை வந்து 30 நாளில் பதிவு. ஒப்பந்தம் போட்டதும் ஒரு தமிழ் நாளிதழிலும் ஓர் ஆங்கில நாளிதழிலும் 15 நாள் கெடு வைத்துப் பொது அறிவிப்பு கொடுங்கள். வீட்டில் வாடகைக்காரர் இருந்தால் காலி செய்து சாவியைத் தருவது விற்பவர் பொறுப்பு என்று எழுதி, அதற்கென ஒரு தொகையை நிறுத்தி வையுங்கள்.

வெளிநாட்டு வாரிசு அங்கே இந்தியத் தூதரக அதிகாரி முன் பவர் எழுதி அனுப்பினால், இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் போய்விடும். பதிவு நாளன்று அவருடைய உயிர்வாழ் சான்று கேட்பார்கள், முன்கூட்டியே வரவழையுங்கள்.

பணத்தை மூத்தவர் கணக்கில் மொத்தமாகப் போடாதீர்கள். பங்குக்கு ஏற்ப ஒவ்வொருவர் கணக்கிலும் தனித்தனியாகச் செலுத்தி, அந்த விவரத்தைப் பத்திரத்தில் ஏற்றுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், ஒருவர் பங்கு அதற்குக் குறைவாக இருந்தாலும், 1 சதவீத டி.டி.எஸ். (விற்பவருக்குத் தரும் பணத்திலிருந்து முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டும். இந்த 1 சதவீதம் இங்கே வசிப்பவர்களுக்கு மட்டும். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கும் அதையே பிடித்துவிட்டால், பிடிக்காமல் விட்ட மீதி வரி வாங்குபவர் தலையில் விழும். அவருடைய விகிதத்தை ஆடிட்டரிடம் கேட்டு, பதிவுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பதிவு முடிந்ததும் பட்டா, வீட்டு வரி, குடிநீர், மின் இணைப்பு ஆகியவற்றைப் பெயர் மாற்றுங்கள். பட்டா மாறும் முன் கிராம நிர்வாக அலுவலரோ நகர நில அளவையரோ இடையில் உள்ள வாரிசுகளின் சான்றுகளைக் கேட்பார்கள். இறப்புச் சான்றுகள், வாரிசுச் சான்று, பவர், புரொபேட் எல்லாவற்றையும் பத்திரப் பதிவு நாளிலேயே அசலாகவோ சான்றிட்ட நகலாகவோ கேட்டு வாங்கிவிடுங்கள். பணம் கை மாறிய மறுநாள் அமெரிக்கா விமானம் ஏறிய வாரிசிடம் அப்பாவின் இறப்புச் சான்றைக் கேட்டு வாங்குவது லேசான வேலை இல்லை.