கார்புரேட்டரைத் திறக்கும் முன்

அப்பா விட்டுப்போன 1978 பிரீமியர் பத்மினி காரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். வீடு குளச்சல் பக்கம். ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை, நடுவில் உப்புக்காற்று. பழைய டேங்க் உள்ளுக்குள் துருப்பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்புரேட்டரில் சேருகிற அழுக்கு பெரும்பாலும் அந்தத் துருதான்.

ஆனாலும் வண்டி மிஸ்ஸிங் அடித்ததும் கார்புரேட்டர் மேல் பழி போடாதீர்கள். பிளக்கின் தீப்பொறிக்காக மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுகிற பாயிண்ட் கருகினாலும் இதே மாதிரிதான் திணறும். பாயிண்ட், பிளக் இரண்டையும் முதலில் பாருங்கள். அங்கே சரி என்றால், தீப்பொறி வராதபடி காயில் வயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகிற பெட்ரோல் ஹோஸை ஒரு கண்ணாடி பாட்டிலில் விட்டு யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் ஆசாமிகள் கூடாது. பெட்ரோல் விட்டு விட்டுப் பீச்சினால் பம்பு வேலை செய்கிறது. பாட்டிலைக் கால் மணி நேரம் ஆடாமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு தெளிந்தால் அது தண்ணீர். அப்புறம் டேங்கை இறக்காமல் கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் வீண். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸையும் ஊறவைத்துக் கெடுக்கும். அதனால் ஹோஸையும் ஒரு முறை வளைத்துப் பாருங்கள்.

காற்றைக் குறைக்கிற சோக்கை இழுத்தால் ஓடுகிறது, விட்டால் அணைகிறது. இதுதான் அடிக்கடி வருகிற தொல்லை. ஒன்று, கார்புரேட்டர் உட்காரும் இடத்தில் சந்தை அடைக்கிற கேஸ்கட் வழியாகக் காற்று இழுக்கும். இஸ்திரி போடும்போது துணிக்குத் தெளிப்போமே, அந்தத் தண்ணீர் பாட்டிலால் இன்ஜின் ஓடும்போது கேஸ்கட்டைச் சுற்றி லேசாகத் தெளியுங்கள். சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். மாறவில்லையென்றால், ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது பெட்ரோல் விடுகிற சின்னத் துவாரத் துண்டு, ஐடிலிங் ஜெட், அடைத்திருக்கும்.

சோலெக்ஸ் கார்புரேட்டரில் அந்த ஜெட்டை ஸ்குரூ டிரைவரால் வெளியிலிருந்தே கழற்றலாம். அரிசியை விடக் கொஞ்சம் பெரிய பித்தளைத் துண்டு. என் வண்டியில் அதன் மேல் 45 என்று பொறித்திருக்கும்: துவாரம் 0.45 மில்லிமீட்டர். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஊசிமுனை அளவு வட்டம் தெரிய வேண்டும். ஒரு பட்டறையில் இதைக் கம்பியால் குத்திக் கொடுத்தார்கள். லிட்டருக்கு 13 கிலோமீட்டர் போன வண்டி 9-க்கு இறங்கியது, புகை வேறு கறுப்பாக. பித்தளை மெத்தென்றது, துவாரம் பெருத்துவிட்டது. ஜெட்டையே மாற்ற வேண்டி வந்தது. இப்போது பெட்ரோலில் ஊறவைத்து, பஞ்சர் கடையில் காற்று அடிப்பேன். அதற்கும் மசியாவிட்டால் மீன்பிடிக்கிற 0.3 மில்லிமீட்டர் தங்கூசி, அதாவது நைலான் நரம்பு. எங்கள் கடற்கரையில் அதற்கா பஞ்சம்!

பெட்ரோல் நாற்றம், நனைந்த பிளக் என்றால் பெட்ரோல் வரத்தை அடைக்கிற ஊசி வால்வில் தூசி, அல்லது மிதந்து அந்த வால்வை மூடுகிற ப்ளோட் ஓட்டை. பித்தளை ப்ளோட்டைக் காதருகே குலுக்கினால் உள்ளே சளசளவென்று கேட்கும். சந்தேகமிருந்தால், அடுப்பை விட்டுத் தள்ளி, வெந்நீரில் அமுக்குங்கள். ஓட்டை வழியாகக் குமிழி வரும். ஈயம் வைத்து ஒட்டுவதை நான் விரும்புவதில்லை. உள்ளே பெட்ரோல் ஆவி நிற்கும், ஒட்டிய பிறகு எடையும் கூடும்.

குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை ஏற்றத்தில் மிதித்ததும் ஒரு கணம் மூச்சடைக்கிறதா? இன்ஜினை அணைத்து, ஏர் பில்டரைக் கழற்றி, ஆக்ஸிலேட்டர் லீவரை இழுத்து உள்ளே பாருங்கள். பெட்ரோல் கம்பிபோல் பீச்ச வேண்டும். சொட்டினால் அதைப் பீச்சுகிற சின்னப் பம்பின் சவ்வு, டயாப்ரம், போயிற்று.

கடைசியாக, ஐடிலிங்கில் பெட்ரோல் கலவையைச் சரிசெய்கிற மிக்ஸர் ஸ்குரூ. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு அணைத்துவிட்டு, ஸ்குரூவை முட்டும்வரை மெதுவாக உள்ளே திருப்பி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்து கால் சுற்றாக அங்கே இங்கே நகர்த்தி, சத்தம் சீராகும் இடத்தில் விடுங்கள். பில்டரை மாட்டியபின் இன்னொரு முறை கேளுங்கள். அழுக்குப் பில்டர் என்றால் அந்த ஒன்றரைச் சுற்று பொருந்தாது.