நேர்காணல் கோப்புகளைப் பூட்டிய கதை

எண்ணூர் மீனவர்களிடம் எடுத்த ஒலிப்பதிவுகள், பெயர் விவரங்களோடு, பொதுக் கணினியில் யாரும் திறக்கும்படி கிடந்தன. போல்டருக்கு நேரடியாகப் பாஸ்வேர்டு போட விண்டோஸில் வழி இல்லை. சரி என்று, கோப்புகளைப் பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றும் வெராகிரிப்ட் என்ற மென்பொருளைப் போட்டேன். இலவசம்தான், 2014இல் கைவிடப்பட்ட ட்ரூகிரிப்ட் என்ற பழைய மென்பொருளின் வாரிசு. அதில் ஏஇஎஸ் 256 பிட் என்ற வலுவான குறியாக்க முறையோடு ஒரு கன்டெய்னர், அதாவது பூட்டிய பெட்டி மாதிரி ஒரு கோப்பு, உருவாக்கி, எல்லாவற்றையும் உள்ளே மாற்றினேன். திறந்தால் தனி டிரைவாகத் தெரியும், டிஸ்மவுன்ட் செய்தால், அதாவது மூடிவிட்டால், புரியாத குப்பை.

பூட்டைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது பெயர்கள்தான். கோப்புகளுக்கு 'மீ-07' மாதிரி குறியீடு வைத்தேன். எந்தக் குறியீடு யாருடையது என்ற பட்டியலுக்குத் தனி கன்டெய்னர், வேறு பாஸ்வேர்டு. மறந்தால் மீட்டுத் தர யாருமில்லை, அதனால் இரண்டு பாஸ்வேர்டையும் தாளில் எழுதி பீரோவில் பூட்டிவிட்டேன்.

ஒரு பிரதி வேளச்சேரியில் அக்கா வீட்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. 2015 வெள்ளம் பார்த்த ஏரியா, ஆனால் அக்கா இருப்பது மூன்றாவது மாடி.