கை நடுங்கினாலே பார்க்கின்சனா? நோயைக் கண்டறிவதிலும் வகைப்படுத்துவதிலும் நேரும் தவறுகள்

வயதானவருக்குக் கை நடுங்கினால் "பார்க்கின்சன்தான்" என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுகிறோம். நடுக்கமே இல்லாமல் நடை தளர்ந்து, முகம் இறுகி, பேச்சு மெலிந்து போனால் "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். இரண்டுமே தவறு. பார்க்கின்சன் நோயாளிகளில் கணிசமான பேருக்கு ஆரம்பத்தில் நடுக்கமே இருப்பதில்லை.

சர்வதேச இயக்கக் கோளாறுகள் சங்கம் 2015-இல் வெளியிட்ட வரையறைப்படி, கட்டாயம் இருக்க வேண்டியது அசைவு மந்தம். அதோடு தசை இறுக்கம், ஓய்வில் வரும் நடுக்கம் இவற்றில் ஒன்றாவது சேர வேண்டும். மந்தம் என்றால் வெறும் மெதுவாகச் செய்வது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நன்றாக அகல விரித்து வேகமாகத் தட்டச் சொல்வார் மருத்துவர். முதல் நாலைந்து தட்டு பெரிதாக இருக்கும்; அப்புறம் விரல்களுக்கு இடையே உள்ள அகலம் குறைந்துகொண்டே வரும், நடுவில் ஒரு தயக்கம், ஒரு நிறுத்தம். மூட்டுவலிக்காரரும் மெதுவாகத்தான் தட்டுவார், ஆனால் அவருக்குப் பொதுவாக இப்படிச் சுருங்கிக்கொண்டே போகாது. எழுத்திலும் இதே கதைதான்: வரியின் தொடக்கத்தில் ஒழுங்காக இருக்கும் எழுத்து, முடிவில் பொடிப்பொடியாகிவிடும். பத்து விநாடியில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல் நேராக ஸ்கேனுக்கு அனுப்புவது எனக்கு ஏற்புடையதல்ல.

நடுக்கத்திலும் வகை உண்டு. மடியில் சும்மா கிடக்கும் கை நடுங்கி, எதையாவது எடுக்கப் போகும்போது அடங்கினால் பார்க்கின்சன் பக்கம் சந்தேகம் போகும். அதுவும் ஒரு பக்கக் கையில் தொடங்குவதே வழக்கம். காபி டம்ளரைத் தூக்கும்போதும் கையெழுத்துப் போடும்போதும் இரண்டு கையும் நடுங்குகிறது, அப்பாவுக்கும் அப்படி இருந்தது, குரலும் தலையும்கூட ஆடுகிறது என்றால், அது பெரும்பாலும் பரம்பரையாக வரும் வேறொரு நடுக்கம். அதற்கான மருந்து வேறு. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சால்பியூட்டமாலாலும் கை நடுங்கலாம்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆற்றாமை தருவது மாத்திரைப் பையைப் பார்க்காமல் விடுவதுதான். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்கான சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃப்ளூனரிசின், மனநல மருந்துகளான ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் எல்லாமே பார்க்கின்சனை அப்படியே உரித்து வைத்தாற்போல் அறிகுறிகளைத் தரக்கூடியவை. நம்மூரில் கூடுதல் கவனம் வேண்டியது லெவோசல்பிரைடு. வயிற்று எரிச்சலுக்கான மாத்திரையோடு ஒரே கேப்ஸ்யூலில் சேர்ந்து வருவதால், "கேஸ் மாத்திரைதானே" என்று மாதக்கணக்கில் விழுங்குவார்கள்; டாக்டர் கேட்டால் சொல்லவும் மாட்டார்கள். அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற வேதிப்பொருள் மூளையில் வேலை செய்யும் இடத்தை இது அடைக்கிறது. காரணம் மருந்து என்று தெரியாமல், அதன்மேல் பார்க்கின்சன் மாத்திரையையும் எழுதிவிட்டால் ஒருவர் தேவையில்லாமல் வாழ்நாள் நோயாளி ஆகிவிடுகிறார். காரணமான மருந்தை நிறுத்திய பிறகு அறிகுறிகள் மறைய சில வாரங்கள் ஆகலாம், பல மாதங்களும் ஆகலாம். மறையவே இல்லை என்றால், உள்ளே பதுங்கியிருந்த உண்மையான பார்க்கின்சனை மருந்து முன்கூட்டியே வெளிக்காட்டியிருக்கலாம். ஒன்று மட்டும்: மனநல மருந்தை எழுதிக்கொடுத்தவரைக் கேட்காமல் யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது.

எம்ஆர்ஐ நார்மல் என்று வந்ததும் நிம்மதியாகிவிடுவதும் தவறு. பார்க்கின்சனில் வழக்கமான எம்ஆர்ஐ பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். மூளையில் நீர் கோத்திருக்கிறதா, சிறுசிறு பக்கவாதங்கள் வந்திருக்கின்றனவா என்று பார்க்கத்தான் அதை எடுக்கிறார்கள். டோபமின் ஸ்கேனுக்கும் எல்லை உண்டு. பரம்பரை நடுக்கத்தையும் மருந்தால் வந்ததையும் பார்க்கின்சனிலிருந்து பிரித்துக் காட்ட அது உதவும். ஆனால் பார்க்கின்சனைப் போலவே தொடங்கி வேறு பாதையில் போகும் பிஎஸ்பி, எம்எஸ்ஏ போன்ற நோய்களிலும் அது டோபமினைக் குறைவாகத்தான் காட்டும்.

அந்த நோய்களைக் காட்டிக்கொடுப்பது ஸ்கேனைவிட நோயாளியின் கதைதான். முதல் மூன்று வருடத்துக்குள்ளேயே நிலைதவறித் திரும்பத் திரும்ப விழுகிறாரா? படி இறங்கும்போது கண்ணைக் கீழே கொண்டுபோக முடியவில்லையா? எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயங்குகிறாரா? ஆரம்பத்திலேயே இல்லாத ஆட்கள் தெரிகிறார்களா? இதில் எது இருந்தாலும் "பார்க்கின்சன்" என்று எழுதிய கோப்பைத் திரும்பத் திறக்க வேண்டும். பார்க்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபா கேட்கவில்லை என்பதும் முக்கியமான தடயம். ஆனால் குறைந்த அளவில் நாலு நாள் கொடுத்துவிட்டு அந்த முடிவுக்கு வரக் கூடாது. பூனைக்காலி விதையிலும் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. அந்தப் பொடியைச் சாப்பிடுபவர் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இளம் வயதில் இந்த அறிகுறிகள் வந்தால் வில்சன் நோய் உண்டா என்று பார்க்காமல் விடவே கூடாது. உடலில் செம்பு தேங்குவதால் வருவது அது. பெற்றோர் இருவரிடமிருந்தும் மரபணு வர வேண்டிய நோய் என்பதால், சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்ட குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். சீக்கிரம் பிடித்துவிட்டால் நல்ல மருத்துவம் உண்டு.

சரி, நோய் உறுதியாகிவிட்டது. அடுத்த குழப்பம் "எந்த ஸ்டேஜ்?" என்பது. 1967-இல் ஹோன், யாஹ்ர் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த ஐந்து படிகளைத்தான் இன்றும் எழுதுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் 1, இரு பக்கமும் என்றால் 2, நிலைதடுமாற்றம் வந்தால் 3, பெரும்பாலும் பிறர் உதவி வேண்டும் ஆனால் தானாக நிற்க முடியும் என்றால் 4, சக்கர நாற்காலி அல்லது படுக்கை என்றால் 5. இதைப் புற்றுநோய் ஸ்டேஜ் மாதிரி எடுத்துக்கொண்டு பயப்படுகிறார்கள். இது உடம்பின் அசைவை மட்டுமே அளக்கிறது. மலச்சிக்கல், மனச்சோர்வு, தூக்கம், நினைவு எதுவும் இதில் வராது. மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் 2 ஆக இருப்பவர் அதன் வேகம் அடங்கிய நேரத்தில் 3 ஆக இருக்கலாம். அதனால் எந்த நேரத்தில் பார்த்தது என்று குறிக்காத எண்ணுக்குப் பெரிய மதிப்பில்லை. பார்க்கின்சனில் மூளையில் உருமாறித் தேங்கும் ஆல்ஃபா சினூக்ளின் என்ற புரதத்தை முதுகுத்தண்டு நீரில் தேடி, அதன் அடிப்படையில் நோயை வகைப்படுத்தும் திட்டங்கள் 2024-இல் வந்தன. அவை ஆராய்ச்சிக்கானவை, அந்தச் சோதனை வேண்டும் என்று அலைய வேண்டாம்.

1992-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வொன்றில், நரம்பியல் நிபுணர்கள் பார்க்கின்சன் என்று சொல்லியிருந்த 100 பேரின் மூளையை இறப்புக்குப் பின் பரிசோதித்தபோது, 76 பேருக்குத்தான் அது உறுதியானது. அதனால் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து நோயறிதலை மறுபடி சரிபார்க்கச் சொல்லிக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். நடப்பதையும் திரும்புவதையும் போனில் படம் பிடித்து வையுங்கள். கணவனோ மனைவியோ கூடப் போவது ரொம்ப நல்லது. தூக்கத்தில் கத்துவதும் கை காலை உதறுவதும் எந்த வருடம் தொடங்கியது என்று பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே அது ஆரம்பித்திருக்கக்கூடும்.