கட்டியின் மரபணு அறிக்கையை வாசிக்கும் முறை

நுரையீரல் புற்றுநோய் என்ற ஒரே பெயரைத் தாங்கிய இருவரின் கட்டிகள் மரபணு அளவில் முற்றிலும் வேறுபட்டிருக்கலாம். ஒருவருடைய ஒரே கட்டிக்குள்கூட எல்லாச் செல்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. எனவே அறிக்கை கைக்கு வந்ததும், மாதிரி உடலின் எந்த இடத்திலிருந்து, எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். சிறுநீரகக் கட்டிகளைப் பல இடங்களில் வெட்டி ஆராய்ந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், கண்டறியப்பட்ட பிறழ்வுகளில் (மரபணுவில் ஏற்பட்ட மாற்றங்களில்) 63 முதல் 69 சதவீதம் வரை எல்லாத் துண்டுகளிலும் பொதுவாக இருக்கவில்லை. ஆகவே, ஒரு பிறழ்வு ‘இல்லை’ என்று அச்சாகியிருந்தால், பரிசோதித்த அந்தத் துண்டில் தென்படவில்லை என்றே அதற்குப் பொருள் கொள்ள வேண்டும்.

அடுத்து, பலரும் பார்க்காமல் தாண்டிவிடும் ஒரு சதவீதம் உண்டு: குறிப்பிட்ட மரபணுவின் பிரதிகளில் எத்தனை பங்கு பிறழ்வுடையவை என்பது. மாதிரியில் 60 சதவீதம் புற்றுச் செல்கள் என்றும், பிறழ்வுள்ள ஒவ்வொரு செல்லிலும் உள்ள இரு பிரதிகளில் ஒன்று மட்டுமே பிறழ்ந்தது என்றும் கொள்வோம். எல்லாப் புற்றுச் செல்களிலும் அப்பிறழ்வு இருந்தால் அந்த எண் ஏறக்குறைய 30ஆக இருக்கும். 6 என்றிருந்தால், ஐந்தில் ஒரு புற்றுச் செல்லே அதைச் சுமக்கிறது. அதை மட்டும் குறிவைக்கும் மருந்து மீதி நான்கைத் தொடாமல் விட்டுவிடக்கூடும். பிரதிகளின் எண்ணிக்கை மாறிய கட்டிகளில் இக்கணக்கு பொருந்தாது என்பதால், இதை நோயியல் நிபுணரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

நோய் வேறோர் உறுப்புக்குப் பரவினாலோ திரும்ப வந்தாலோ, பழைய அறிக்கையை மட்டும் நம்பாமல், புதிய பயாப்ஸி (திசு மாதிரி) எடுக்க முடியுமா என்று கேளுங்கள். மார்பகப் புற்றுநோயில், சிகிச்சையைத் தீர்மானிக்கும் புரதங்களான ஹார்மோன் ஏற்பிகளின் நிலையும் ஹெர்-2 நிலையும் சிலருக்கு மாறிவிடுகின்றன. எந்தச் செல்கள் தப்பிப் பெருகும் என்பதை மருந்தே தேர்ந்தெடுப்பதும் உண்டு: ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் பிறழ்வுள்ள நுரையீரல் புற்றுநோய்க்கு ஜெஃபிடினிப் அல்லது எர்லோடினிப் கொடுத்து, பின்னர் அது பயனற்றுப்போனவர்களில் சுமார் பாதிப் பேரிடம் டி790எம் என்ற பிறழ்வு தென்படுகிறது, அதற்கு ஓசிமெர்டினிப் என்ற மருந்து இருக்கிறது. இப்பிறழ்வை இரத்தப் பரிசோதனையிலும் தேடலாம். ஆனால் கட்டி சிந்தும் டிஎன்ஏ இரத்தத்தில் மிகக் குறைவாக இருந்தால் முடிவு ‘இல்லை’ என்றே வரும். அப்போது திசுவை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.