வளைவில் பிரேக்: முதல் ட்ராக் டேக்குப் போகிறவர்களுக்கு

டர்பனில் நம் பிள்ளைகள் காருக்குச் செலவழிக்கும் வரிசை தெரிந்ததுதான். முதலில் எக்ஸாஸ்ட், அப்புறம் வீல், அப்புறம் ஸ்பீக்கர். பிரேக்குக்கு வரும்போது பை காலி. ஆனால் சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் ட்ராக் டேயில், கார் உங்கள் சொல்பேச்சு கேட்குமா என்பதை முடிவு செய்வது அந்தப் பெடல்தான். அதிலும் மிதிப்பதைவிட, காலை எப்படி எடுக்கிறீர்கள் என்பதில்தான் பாதி வித்தை இருக்கிறது.

இதையெல்லாம் ஃபீல்ட்ஸ் ஹில் சாலை இறக்கத்தில் பழகிப் பார்க்காதீர்கள். தெற்குக் கரையில் போர்ட் ஷெப்ஸ்டோன் அருகே டெஸி ரேஸ்வே என்ற பந்தயத் தடம் இருக்கிறது; ஜோஹன்னஸ்பர்க் பக்கம் போனால் கியாலாமி தடம்.

படி 1: வீட்டிலேயே பாருங்கள்

டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் பழசாக இருந்தால் அதையும்தான். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சிக்கொண்டால் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். டர்பன் ஈரக்காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி சேரும், பெடல் தரைவரை போகும், கார் நிற்காது.

படி 2: உட்காருங்கள்

பெடலை முழுதாக அழுத்தியபோதும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

படி 3: நேர்க்கோட்டில் மட்டும் பிரேக்

முதல் சில சுற்றுகளுக்கு ஒரே விதி: ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே பிரேக் வேலை முழுவதையும் முடித்துவிடுங்கள். ஓரத்தில் இருக்கும் தூரப் பலகையில் ஒன்றை அடையாளம் வைத்து, வேண்டியதைவிடச் சீக்கிரமே தொடங்குங்கள். பெடலை உதைக்காமல், முதலில் மெதுவாகத் தொட்டு, முன்பக்கம் அமர்ந்ததும் நன்றாக அழுத்துங்கள். 80-இலிருந்து 120-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான், ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டே கால் மடங்கு.

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத பழைய சிட்டி கோல்ஃப் கார் என்றால் கூடுதல் கவனம். பூட்டிக்கொண்ட முன்சக்கரத்துக்கு ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுதான். கார் நேராகவே போகும். சக்கரம் மீண்டும் உருளும் அளவுக்குப் பெடலைச் சற்றுத் தளர்த்துங்கள்.

படி 4: எடை எங்கே போகிறது?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக உட்காருவோம். ஆளோடு சேர்த்து 1,000 கிலோ வரும் ஒரு சின்ன கார்; நிற்கும்போது முன்னால் 600, பின்னால் 400 என்று வையுங்கள். முன்பின் சக்கரங்களுக்கு இடையே 2.4 மீட்டர், எடையின் மையம் தரையிலிருந்து அரை மீட்டர். 0.9 ஜி (புவியீர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு) அளவுக்குக் கடுமையாகப் பிரேக் போட்டால் ஏறக்குறைய 190 கிலோ பின்னாலிருந்து முன்னால் போய்விடும். பின் டயர்களில் மிச்சம் இருப்பது 210 சொச்சம்.

நேர்ச்சாலையில் இதனால் பெரிய தொல்லை இல்லை. வளைவின் நடுவில் அதே பிரேக்கைப் போட்டால், பாதி எடையை இழந்த பின் டயர்கள் பக்கவாட்டு இழுப்பையும் தாங்க வேண்டும். தாங்காது. வால் வீசும். ஒரு டயருக்கு உள்ள பிடி ஒன்றுதான். நிறுத்துவதற்குக் கொடுத்ததைத் திருப்புவதற்கும் கொடுக்க முடியாது.

கியாலாமியில் சரிவில் இறங்கும் மைன்ஷாஃப்ட் மாதிரி இடங்களில் இன்னும் மோசம். இறக்கத்தில் எடை ஏற்கெனவே முன்னால் சாய்ந்திருக்கும். அங்கே சீக்கிரமாக, நேராக இருக்கும்போதே பிரேக் போடுங்கள்.

படி 5: பிரேக்கை விடும் கலை

நேர்க்கோடு கைவந்த பிறகுதான் இது. வளைவுக்குள் நுழையும்போது பெடலில் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் வைத்து, ஸ்டீயரிங் திரும்பத் திரும்ப அதைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். பின் சீட்டில் மூடி சரியாகப் பொருந்தாத பிரியாணிப் பானை இருக்கிறது என்று நினைத்துக் காலை எடுங்கள். முன் டயர்களில் எடை நிற்கும்வரை மூக்கு உள்ளே திரும்பும்.

பலர் காலைச் சட்டென்று தூக்கிவிடுவார்கள். மூக்கு எழும்பும், முன் டயர்கள் பிடியை விடும், கார் வெளிப்பக்கம் ஓடும். "வேகம் அதிகம்" என்பார்கள். பல நேரம் வேகம் சரிதான், கால்தான் அவசரப்பட்டது.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரை முழுதாக விட்டால், கோல்ஃப் போன்ற முன்சக்கர ஓட்டக் கார்களில் வால் முன்னால் வரப் பார்க்கும். அப்போது பிரேக்கைத் தொடாதீர்கள். போக வேண்டிய இடத்தைப் பார்த்து, வால் போகும் பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்பி, ஆக்சிலரேட்டரை லேசாகத் தொடுங்கள். ஹீல் அண்ட் டோ (வலது காலாலேயே பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் மிதிப்பது), இடது காலால் பிரேக் எல்லாம் இப்போது வேண்டாம். யூடியூப் பார்த்து ஆசைப்படுவது வேறு.

படி 6: ஆறவிடுங்கள்

கடைசிச் சுற்றில் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டுங்கள். சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுக்காமல் விடுங்கள். சூடான டிஸ்க்கைப் பேட் கவ்விக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் மட்டும் சூடு தேங்கும்.

அப்புறம், போர்ட் ஷெப்ஸ்டோனிலிருந்து டர்பனுக்கு என்2 நெடுஞ்சாலையில் 120 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும் இல்லையா? கிளம்பும்முன் பெடலை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக நிற்காமல் மெத்தென்று இறங்கினால் ஆயில் கொதித்திருக்கலாம். அந்தக் காரை டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும்.